நேல்த்யேயின் பூட்டாத கதவும் எங்கள் அம்மாவின் ஆடும்

சின்யோரா எல்ஸ் குவெஸ்தூராவின் ஆள் என்று நான் எட்டு மாதம் நம்பினேன். வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: குவெஸ்தூரா என்றால் எங்கள் பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியும் கைரேகையும் தலைவிதியும் ஒரே மேசை லாச்சியில் கிடக்கும் பொலிஸ் கந்தோர். சின்யோரா எல்ஸ் என்றால் எழுபத்திரண்டு வயது ஒல்லாந்துக்காரி; இடுப்பெலும்பு மாற்றினவ; பலெர்மோவில் கபோ சந்தைக்கு மேலே, மனம் வந்தால் மட்டும் ஓடும் லிஃப்ற் உள்ள கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனியே இருந்தவ. இந்த மனிசியை இத்தாலி அரசாங்கம் என்னைப் பிடிப்பதற்கென்றே அங்கே குடிவைத்திருக்கிறது என்று நம்பினேன். அவ்வளவு மினக்கெட்டுப் பிடிக்க நான் யார் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. பயந்தவனுக்குத் தன்னைப்பற்றி எப்போதும் பெரிய எண்ணம்தான்.

இதை இப்போது எழுதக் காரணம் சுகந்தி. என் முழங்கால் எனக்கு ஓய்வு கொடுத்த பிறகு அந்த வீட்டில் என் இடத்துக்குப் போன பிள்ளை. போன கிழமை போன் எடுத்தா.

"அண்ணை, இந்த மனிசி என்னட்டை ஒரு விசர்க் கேள்வி கேக்குறா. உங்கடை அம்மா வொய்ஸ் மெசேஜ் அனுப்பேக்கை முதல் என்ன சொல்லித் தொடங்குறவ எண்டு. நான் என்ன சொல்லுறது? பேப்பருகளிலை ஏதும் பிரச்சினை வருமோ?"

"உள்ளதைச் சொல்லு தங்கச்சி."

"உள்ளதைச் சொன்னால், அம்மா முதல் 'ஏன்ரி போன் எடுக்கேல்லை' எண்டு பேசிப்போட்டுத்தான் தொடங்குறவ."

"அதையே சொல்லு. அவ அதைத்தான் தேடித் திரியிறா."

சிரித்துக்கொண்டு வைத்தேன். பிறகுதான் யோசித்தேன், 'உள்ளதைச் சொல்லு' என்ற அந்த இரண்டு சொல்லை எனக்கு ஆராவது அப்போது சொல்லியிருந்தால் ஒரு தலைமை ஆசிரியை பிறந்திருக்கவே மாட்டா என்று. அவவைப்பற்றிப் பிறகு.

என் முதல் இருபத்தைந்து வருட வேலையை ஒரு மூச்சில் சொல்லலாம். ஒரேத்தோவில் மாடிப்படி கழுவினேன். சியாகுல்லியில் மாசி பங்குனியில் பிந்திப் பழுக்கும் மண்டரின் தோடம்பழம் ஆய்ந்தேன். ஒரு டாக்டர் வீட்டில் அயர்ன் பெட்டியால் கொலரிலிருந்து தொடங்கிச் சேர்ட் அழுத்தப் பழகினேன். முதுகிலிருந்து தொடங்கின அன்று அந்த வீட்டுச் சின்யோரா சேர்ட்டைத் திரும்ப வாளிக்குள் போட்டா. அதோடு படிப்பு முடிந்தது.

சின்யோரா எல்ஸ் வேறு பள்ளிக்கூடம். அவ பல்கலைக்கழகத்தில் மொழி படிப்பித்து ஓய்வு பெற்றவ. ஒல்லாந்தில் முந்நூறு வருடத்துக்கு முந்திச் சாதாரண சனங்கள் எழுதின கடிதங்களை வாசிப்பதுதான் சீவியம். மாலுமிமாரின் பெண்சாதிகள், மீன் விற்கிறவர்கள், பாய்மரம் தைக்கிறவர்கள் எழுதினவை. எதிரிகளிடம் கப்பலோடு பிடிபட்டு, போய்ச் சேரவேண்டியவருக்குப் போய்ச் சேராமல் சாக்குகளுக்குள் தப்பிக் கிடந்தவை ஆயிரக்கணக்கில் உண்டாம். அவற்றின் படங்கள் அவவின் கொம்பியூட்டரில். ஆனால் நான் வேலைக்குப் போன வருடம் அசல் கடிதங்களே வீட்டுக்கு வந்திருந்தன. பலெர்மோவில் ஒரு வயதான வழக்கறிஞர், தன் வீட்டுப் பழைய அலுமாரியின் லாச்சிக்குப் பின்னால் சிக்கியிருந்த ஐந்து கடிதங்களை வாசித்துச் சொல்லும்படி கொடுத்திருந்தார். அவருடைய முன்னோர் ஒருவர் ஒல்லாந்துக் கப்பலில் தச்சர். காய்ச்சலில் பலெர்மோவில் இறக்கிவிடப்பட்டு இங்கேயே தங்கினவராம். கடிதங்கள் அவருக்கு ஊரிலிருந்து வந்தவை.

கடித அறைக்குச் சட்டங்கள் இருந்தன. கை கழுவி, துடைத்து, இரண்டு நிமிடம் காயவிட்டுத்தான் உள்ளே. தேத்தண்ணி கூடாது. விசிறி கூடாது. ஜன்னல் கதவு பாதி சாத்தியிருக்கும். கடிதத்தைத் தூக்குவதில்லை, அடியில் மட்டையைக் கொடுத்து மட்டையைத்தான் தூக்குவது. சின்யோரா ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. நான் பிழை விட்டால் கண்ணாடியைக் கழற்றுவா. அவ்வளவுதான். முதற்கிழமையே கழற்றினா. அவ ஒரு கடிதத்தை விரிக்க, மடிப்பிலிருந்து கொஞ்ச மணல் மேசையில் கொட்டியது. நான் வேலைக்காரன், மேசையில் மண் கண்டால் கை சும்மா இருக்குமா? ஈரத்துணியால் ஒரே இழுவை.

கண்ணாடி கழன்றது.

"ஜுசேப்பே," என்றா மெதுவாக, இத்தாலிக்காரர் எனக்கு வைத்த பெயரால், "அந்த மணல் மை காயுறதுக்காக எழுதினவர் மேலை தூவினது. முந்நூறு வருசம் அது உள்ளுக்குள்ளையே இருந்தது."

துணியைக் கசக்கி அதிலிருந்து எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றா. அடுத்த நாள் அந்த மேசையில் ஒரு சின்னப் பீங்கான் கோப்பை வந்தது, மணலுக்கு.

இன்னொரு சட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வாசிக்க முடியாத சொல் வந்தால் ஊகிக்கக்கூடாது. ஒரு வெறுங்கட்டம் கீறிவிட்டு அப்பால் போகவேண்டும். "தெரியாததுக்கும் ஒரு இடம் குடுக்கோணும்" என்பா. (அவ இத்தாலியனில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன். ஒல்லாந்து உச்சரிப்பைக் கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள்.)

பின்னேரம் மூன்று மணிக்கு அவ உரத்து வாசிப்பா, முதல் டச்சில், பிறகு வரி வரியாக இத்தாலியனில். பக்கத்து அறையில், கதவு திறந்திருக்க, நான் உடுப்பு அழுத்துவேன். முதல்நாள் கேட்டது: "அன்பான கணவரே, நான் இன்னும் நல்ல சுகத்தோடு இருக்கிறேன் என்று உமக்கு அறியத்தருகிறேன். நீரும் அவ்வாறே இருப்பீர் என நம்புகிறேன். வேறுவிதமாயின் என் மனம் வருந்தும். இதை ஆண்டவர் அறிவார்."

அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். "சின்யோரா, இது எங்கடை ஊர்க் கடிதம்."

எங்கள் வீட்டிலிருந்து வந்த ஒவ்வொரு கடிதமும், 'இவ்விடம் நாம் அனைவரும் தேவ கிருபையால் நலம், அதுபோல் உமது நலத்துக்கும் ஆண்டவரை மன்றாடுகிறோம்' என்றுதான் தொடங்கும். சண்டையில் செல் விழுந்து கூரை போன கிழமையும் அனைவரும் நலம்தான். சின்யோரா கதிரையை என் பக்கம் திருப்பினா. புத்தகங்களில் இருக்கிற பழைய டச்சு படித்த ஆம்பிளைகள் எழுதினது என்றா. மற்றச் சனம் எப்படிக் கதைத்தது, பெண்சாதி புருஷனை எப்படிப் பேசினாள், ஆள் கடலில் நிற்க வீட்டை எப்படி நடத்தினாள் என்பதெல்லாம் இந்தக் கடிதங்களில்தான் கிடக்கிறது என்றா. ஆறு வருடம் தனியே வீட்டை நடத்தி, கிணறும் இறைப்பித்து, என்னையும் கடிதத்தில் பேசின என் பெண்சாதி மேரியை நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

அன்று வாயை மூடிக்கொண்டு போய்ச் சேர்ட் அழுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. அடுத்த நாளிலிருந்து கேள்விகள் தொடங்கின. கையில் கொப்பி.

"உங்கடை அம்மாதான் எழுதுவாவோ? வேறை ஆரும் எழுதுவினமோ? கடிதம் வந்தால் ஆர் வாசிக்கிறது? ஒரே கையெழுத்தோ?"

இதே கேள்விகளை இதே ஒழுங்கில் இருபத்தைந்து வருடத்துக்கு முதல் ஒரு மேசைக்கு அப்பாலிருந்து என்னிடம் கேட்டிருந்தார்கள். என் அகதி விண்ணப்பத்தோடு அம்மாவின் கடிதம் ஒன்றைக் கொடுத்திருந்தேன். 'வராதே, உன்னைத் தேடி வந்தார்கள்' என்ற கடிதம். அதில் உள்ளது அத்தனையும் உண்மை. "இது உங்கடை அம்மா எழுதினதோ?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. யாழ்ப்பாணத்துப் பக்கம் எங்கள் தீவில், வேதம் படிப்பிக்கும் கோவில் உபதேசியார்தான் அவ சொல்லச் சொல்ல எழுதுவார். அதைச் சொன்னால் கடிதத்தையே பொய் என்பார்கள் என்று பயந்து, "ஓம்" என்று ஒத்துக்கொண்டேன். ஒரே ஒரு ஓம். அது கோப்பில் ஏறிவிட்டது. பிறகு உபதேசியார் இடம்பெயர்ந்து போக, பக்கத்து வீட்டு ரஜனி எழுதத் தொடங்கினா. மேரியை இங்கே கூப்பிடும்போது ரஜனி எழுதின கடிதம் ஒன்றும் அதே கோப்புக்குள் போனது. அதாவது, கையெழுத்து இரண்டானதால், அரசாங்க ஆவணப்படி எனக்கு இரண்டு அம்மா.

சின்யோரா கேட்ட மாதம்தான் நான் குடியுரிமைக்கு விண்ணப்பித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கோப்பைத் திறந்து பார்க்கிற காலம். கூட்டிக் கழித்துப் பார்த்தேன். எல்லாம் பொருந்தியது.

"அம்மாதான் எழுதுவா," என்றேன். "அருமையான கையெழுத்து. அவ தலைமை ஆசிரியை."

பொய்க்குப் பசி அதிகம். ஒரு கிழமைக்குள் அம்மா பச்சை மையில் எழுதினா. இரண்டாம் மாதம் பள்ளிக்கூடத்துக்குக் கீதம் இயற்றினா. சின்யோரா அத்தனையையும் கொப்பியில் எழுதினா. கண்ணாடியைக் கழற்றவே இல்லை. என்னை நம்பினா. அது இன்னும் பயமாக இருந்தது. ஒருநாள் நான் சாதாரணமாகத்தான், "கக்கூஸ் கழுவியாச்சு, லாச்சி துடைச்சாச்சு, இனிக் கந்தோருக்குப் போகோணும்" என்று மேரியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தேன். சின்யோரா ஊன்றுகோலும் இல்லாமல் ஓடி வந்தா. கக்கூஸ், லாச்சி, கந்தோர் மூன்றும் அவவின் மொழியிலிருந்து எங்கள் ஊரில் தங்கிப்போன சொற்களாம். "இன்னும் சொல்லுங்கோ, இன்னும் சொல்லுங்கோ" என்று கன்னம் சிவக்கக் கேட்டா. நான் உண்மையில் யாழ்ப்பாணத்தானா என்று சோதிக்கிறா என்று எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் அம்மாவின் கடிதங்களையெல்லாம் அரிசி வாளிக்குள் தாட்டேன்.

மேரி சோறு வைக்கப் போய்க் கண்டுபிடித்தா.

"என்னப்பா இது? அரிசியைத் தேடினால் மாமி வாறா?"

விஷயத்தைச் சொன்னேன். அவ வாளி மூடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டு முடித்தா.

"உங்களைப் பிடிக்கிறதுக்கு, லிஃப்ற் ஓடாத வீட்டிலை இடுப்பு முறிஞ்ச மனிசியைக் கொண்டந்து வைச்சிருக்கிறாங்கள். ஓம், நல்லாத்தான் யோசிச்சிருக்கிறியள். போய்க் கால்முகம் கழுவுங்கோ."

"கேள்வி கேக்குறா மேரி. எழுதி வைக்கிறா."

"நானும்தான் முப்பது வருசமாக் கேள்வி கேக்குறன். எனக்கு ஒருநாளாவது இவ்வளவு வடிவாப் பதில் சொல்லியிருக்கிறியளோ?"

இதற்கிடையில் சின்யோராவின் ஐந்து கடிதங்களும் ஒரு முடிச்சில் வந்து நின்றன. ஐந்திலும் அடியில் நேல்த்யே என்ற பெண்பெயர். ஆனால் கை இரண்டு. மூன்று கடிதம் அழகான, சாய்ந்த எழுத்தில், கோவில் பிரசங்கம் மாதிரி. இரண்டு கடிதம் கோழி கிளறின எழுத்தில், வாய்ப்பேச்சு மாதிரி. அந்த ஊரில் அந்தக் காலம் தெருவுக்கு நாலு நேல்த்யே இருந்திருப்பார்களாம். முகவரி இருந்த பக்கம் எலி தின்றுவிட்டது. கடிதம் எழுதிக் கொடுக்கிறவர்கள் அப்போதும் இருந்தார்கள், அது சின்யோராவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் இரண்டு குரலும் ஒட்டவில்லை என்றா. ஒருத்தி பக்தியுள்ள மனைவி. மற்றவள் வேறு ஆரோ. கட்டுரையை அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தா, வெள்ளிக்கிழமை அனுப்பவேண்டும். வழக்கறிஞருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு பெண்சாதிக்காரத் தச்சரைப்பற்றி விருந்துகளில் சொல்லத் தொடங்கிவிட்டார்.

திங்கட்கிழமை பின்னேரம் சின்யோரா ஐந்தையும் கடைசித்தரமாக ஒரே மூச்சில் வாசித்தா. அவ எழுத்தைப் பார்த்தா. நான் தலையணை உறை அழுத்திக்கொண்டு கதையைக் கேட்டேன்.

கோழி கிளறினதில்: "அந்த நாசமாய்ப்போன முன்கதவு இன்னும் பூட்டுதில்லை. நான் கதிரையை முட்டுக்கொடுத்துத்தான் படுக்கிறன். ஊரார் கப்பலெல்லாம் திருத்துறீர், சொந்தக் கதவைத் திருத்த உமக்கு நேரமில்லை."

சாய்ந்த எழுத்தில்: "எமது வாசஸ்தலத்தின் வாயிலானது முன்னிருந்த குறைபாட்டிலேயே இன்னும் நிலைத்திருக்கிறது. ஆயினும் ஓர் ஆசனத்தின் துணையால் இராக்காலத்தில் காக்கப்படுகிறேன்."

சின்யோரா அந்த வரிக்குப் பக்கத்தில் 'பக்தி உருவகம்: இதயத்தின் வாயில், இறைவனின் அரியணை' என்று எழுதி வைத்திருந்தா.

எனக்குத் தலையணை உறை கருகிற மணம் வந்தது. கருகினது உண்மை. ஆனால் எனக்குள் கேட்டது உபதேசியாரின் குரல். அம்மா, "ஆட்டுக்குக் காய்ச்சல் எண்டு எழுதுங்கோ" என்பா. உபதேசியார், 'நமது இல்லத்தின் கால்நடைச் செல்வம் சுகவீனமுற்றிருக்கின்றது' என்று எழுதுவார். நான் பலெர்மோவிலிருந்து என்ன செல்வம், என்ன சுகவீனம் என்று மண்டையை உடைப்பேன். ரஜனி எழுதத் தொடங்கினபிறகுதான் 'ஆட்டுக்குத் திரும்பக் காச்சல்' என்று வந்தது. கை இரண்டு. ஆடு ஒன்று.

இதைச் சொல்லவேண்டும் என்றால் தலைமை ஆசிரியையை நான் கொல்லவேண்டும். அவவைக் கொன்றால் அந்த 'ஓம்' வெளியே வரும். கருகின உறையைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் மேசைமேல் கடிதம். குவெஸ்தூராவிலிருந்து. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் கோப்புத் தொடர்பாக நேரில் வரவும். காரணம் இல்லை. நான் ஒரு பைக்குள் சுவெற்றர், செபமாலை, பிரஷர் குளிசை மூன்றையும் வைத்தேன். மேரி சுவெற்றரைத் திரும்ப வெளியே எடுத்தா.

"சிறைக்குப் போறவர் தோய்ச்ச சுவெற்றரையாவது கொண்டு போங்கோ," என்றா. பிறகு கட்டிலில் பக்கத்தில் வந்து இருந்தா. "இஞ்சாருங்கோ. மாமி சொன்னதிலை ஒரு சொல்லாவது பொய்யோ?"

"இல்லை."

"பிறகென்ன? கையெழுத்து அவவின்ரை இல்லை. கதை அவவின்ரைதானே."

செவ்வாய்க்கிழமை கை கழுவி, இரண்டு நிமிடம் காயவிட்டு, கூப்பிடாமலே கடித அறைக்குள் போனேன்.

"சின்யோரா, என்ரை அம்மாவுக்கு எழுதத் தெரியாது."

கண்ணாடி கழன்றது.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: உபதேசியார், ரஜனி, அந்த ஓம், இரண்டு அம்மா, நாளைமறுநாள் குவெஸ்தூரா. ஆட்டில் முடித்தேன். அவ கொப்பியை எடுத்தா.

"பச்சை மை?"

"பொய்."

"பள்ளிக்கூடக் கீதம்?"

"அதுகும் பொய்."

"எட்டு மாசம்!" என்றா. அவவின் குரல் உயர்ந்ததை முதலும் கடைசியுமாக அன்றுதான் கேட்டேன். "நான் அந்த மனிசியை எவ்வளவு மதிச்சு வைச்சிருந்தனான் தெரியுமோ?" பக்கம் பக்கமாகக் குறுக்குக் கோடு இழுத்தா. ஒவ்வொரு கோட்டுக்கும் எனக்கு ஓர் இறாத்தல் குறைந்தது. "ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"நீங்கள் குவெஸ்தூரா எண்டு நினைச்சன்."

சின்யோரா என்னைப் பார்த்தா. தன் ஊன்றுகோலைப் பார்த்தா. பிறகு சிரிக்கத் தொடங்கினா. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. நிறுத்தினபிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி. அந்த ஆட்டைத் திரும்பச் சொல்லுங்கோ," என்றா.

திரும்பச் சொன்னேன். "சின்யோரா, அந்த வாசஸ்தலம் பக்தி இல்லை. அது தச்சுவேலை. அவவின்ரை கதவு பூட்டுதில்லை. சொன்னது ஒரே மனிசி."

ஐந்து மட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தா. கதவு, கதிரை, வாயில், ஆசனம். விரலால் காற்றில் தொட்டுத் தொட்டுப் பார்த்தா. 'இறைவனின் அரியணை' என்ற குறிப்பைத் தானே வெட்டினா. "ஒருத்தி," என்றா. "பெரும்பாலும் ஒருத்தி." அந்தப் 'பெரும்பாலும்' அவவின் வெறுங்கட்டம். வழக்கறிஞருக்கு அன்றைக்கே போன் எடுத்து, அவருடைய முன்னோருக்கு ஒரு பெண்சாதியைக் குறைத்தா. அவர் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை என்று கேள்வி.

பிறகு வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து வைத்தா. "இப்ப நீங்கள் சொல்லுங்கோ. நான் எழுதுறன். வியாழக்கிழமைக்கு."

சொன்னேன். அவ எழுதி வாசித்துக் காட்டினா: "கீழே கையொப்பமிடும் நான், அன்றைய சூழ்நிலைகளின் அழுத்தத்துக்கு ஆட்பட்டு..."

"சின்யோரா, இது உபதேசியார் வேலை. நான் அப்பிடிச் சொல்லேல்லை. நான் பயந்து போனன் எண்டுதான் சொன்னனான்."

கண்ணாடியைக் கழற்றினா. தாளைக் கிழித்தா. புதுத்தாளில் 'நான் பயந்துபோனேன்' என்று எழுதினா. என் இத்தாலியனில் உள்ள பிழைகளையும் அப்படியே விட்டா. கையொப்பம் நான் வைத்தேன். தூவுவதற்கு மணல் இல்லாததுதான் குறை.

வியாழக்கிழமை மேரியும் வந்தா. குவெஸ்தூராவின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் என் மகளின் வயதில் ஒரு பெண் அதிகாரி. அவ வாயைத் திறக்கமுன் தாளைத் துவாரத்துக்குள்ளால் தள்ளினேன்.

"இது நாங்கள் கேக்கேல்லையே?"

"வாசியுங்கோ. பிறகு பிடியுங்கோ."

முழுவதையும் வாசித்தா. மேலே பார்த்தா.

"ஆடு பிறகு என்ன ஆச்சு?"

"சுகம் வந்து நாலு குட்டி போட்டது," என்றா மேரி, எனக்கு முந்தி.

அதிகாரி தாளில் முத்திரை குத்திக் கோப்புக்குள் வைத்துவிட்டு, என் வலது கையை நீட்டச் சொன்னா. விரலைத் திருப்பிப் பார்த்தா. முதல்முறை எடுத்த ரேகை பதியவில்லை, ப்ளீச்சில் வேலை செய்கிறவர்களுக்கு அப்படி ஆகிறதாம், அதற்காகத்தான் கூப்பிட்டார்களாம். ஒரு கிறீம் பூசி, நாலாம் தரம் அழுத்தினபோது பதிந்தது.

குடியுரிமை அடுத்த வருடம் வந்தது. கோப்பில் அந்தத் தாள் இருக்கிறது: கடிதத்தை என் அம்மா சொன்னா, உபதேசியார் எழுதினார்.